ஜாம்ஷெட்ஜி டாட்டாவும் வருகைப் பதிவேடும்

என் பேரன் சென்னையில் ஒரு நிறுவனத்தில் பத்துப் பேருக்கு மேலாளனாக இருக்கிறான். அண்மையில் அவனை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நிறுவனத் தலைமைக்கு உரிய பண்புகள் என்று தொலைநோக்கு, நேர்மை, பொறுப்பேற்றல், பணியாளர் நலன் ஆகியவற்றை விளக்கும் தடித்த கையேடு ஒன்றுடன் திரும்பினான். எல்லாம் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் திங்கட்கிழமை காலையில் பத்துப் பேரில் இருவர் வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அதில் விடை இல்லையே என்று அலுத்துக்கொண்டான். இதே கேள்வி ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன் நாகபுரியில் ஒருவர் முன் நின்றது. அன்று அவனுக்குச் சொன்ன அவருடைய வரலாற்றையே இங்கே எழுதுகிறேன். நம் வாசகர்களில் வணிகர், அலுவலர், ஆசிரியர் எனப் பலரும் உள்ளனர். நால்வரை வைத்து வேலை வாங்கும் பொறுப்பு ஏதோ ஒரு வகையில் அவர்கள் எல்லோருக்கும் உண்டு.

ஜாம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாட்டா 1839-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தார். பார்சி சமயப் புரோகிதர் மரபு. அம்மரபிலிருந்து விலகி வணிகத்துக்கு வந்தவர் அவருடைய தந்தை. பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் 1858-இல் படிப்பை முடித்த ஜாம்ஷெட்ஜி, மறு ஆண்டே தந்தையின் வணிகத்துக்காக ஹாங்காங் அனுப்பப்பட்டார். பருத்தியும் அபினியும் அந்நாளில் சீன வணிகத்தின் முக்கியச் சரக்குகள். பெரியவர்களின் வரலாற்றை எழுதும்போது இதுபோன்ற செய்திகளை மறைப்பது எனக்கு உடன்பாடன்று.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு, அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்துக்கு வருவது நின்றபோது பம்பாயில் செல்வம் வெள்ளமெனப் பாய்ந்தது. 1865-இல் போர் முடிந்ததும் அந்த வெள்ளம் ஒரே மூச்சில் வடிந்தது. அவ்வேளையில் ஜாம்ஷெட்ஜி லண்டனில் இருந்தார். வயது 26. கையோடு கொண்டு சென்றிருந்த பத்திரங்கள் வெறுங்காகிதங்களாயின. கடன் கொடுத்தவர்களைத் தவிர்க்காமல் தாமே சென்று கண்டு, உண்மை நிலையை ஒளிக்காமல் எடுத்துரைத்தார். அவர்களோ அவரையே கணக்குத் தீர்க்கும் பொறுப்பில் அமர்த்தி, மாதம் 20 பவுன் ஊதியமும் கொடுத்தார்கள். நொடித்துப்போன நிறுவனத்தின் ஆளிடமே சாவியை ஒப்படைக்கத் துணிந்தார்கள் என்றால், அவர் எப்படிப் பேசியிருப்பார் என்பதை நாமே எண்ணிக்கொள்ளலாம்.

பின்னர் 21,000 ரூபாய் முதலுடன் தனியே வணிகம் தொடங்கினார். பம்பாய் சிஞ்ச்போக்லியில் பழைய எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கிப் பஞ்சாலையாக்கி, சில ஆண்டுகளில் நல்ல விலைக்கு விற்றார். லங்காஷயர் சென்று நூற்பாலைகளை நேரில் கண்டு வந்தார். அடுத்த ஆலையைப் பம்பாயில் அமைப்பார் என்றே எல்லோரும் எதிர்பார்த்தனர். அவர் தேர்ந்ததோ நாகபுரி. பருத்தி விளையும் மண் அருகில், நிலக்கரி அருகில், ரயில் பாதையும் வந்துவிட்டது. விளையும் இடத்திலேயே நூற்றால் என்ன என்ற எளிய கணக்கு அது. ஆயினும் வாங்கிய நிலம் சதுப்பு. அதை மேடாக்கக் கொட்டிய மண்ணைப் பார்த்த உள்ளூர் மார்வாரிச் செல்வர் ஒருவர், பொன்னை மண்ணில் புதைக்கும் முயற்சிக்குத் தம் பணம் கிடையாது என்று மறுத்துவிட்டாராம். மண்ணைப் போட்டுப் பொன்னை எடுத்துவிட்டாரே என்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டதாகவும் சொல்வர். 1874-இல் 15 லட்சம் ரூபாய் முதலீட்டில் நிறுவனம் பதிவாயிற்று. 1877 ஜனவரி முதல் நாள், விக்டோரியா இந்தியப் பேரரசியாக அறிவிக்கப்பட்ட அன்றே, ஆலையும் ஓடத் தொடங்கியது. எம்பிரஸ் ஆலை என்ற பெயர் அதனால் வந்தது.

மேலாளராக அவர் அமர்த்தியவர் பெசோன்ஜி மேத்தா. ரயில்வேயில் சரக்குப் பிரிவில் இருந்தவர். நூற்பைப் பற்றி ஒன்றும் அறியாதவர். நூற்பு நுட்பத்தைக் கவனிக்க ஆங்கிலேயர் ஒருவர் இருந்தார். ஆட்களை நடத்தவும் ஒழுங்குபடுத்தவும் தெரிந்தவர் வேண்டும், தொழிலைக் கற்றுக்கொள்ளலாம் என்பது ஜாம்ஷெட்ஜியின் கருத்து. அது சரியாக அமைந்தது.

சரியாக அமையாததும் ஒன்று உண்டு. தொடக்கத்தில் செலவைக் குறைக்க எண்ணி மலிவான இயந்திரங்களை வாங்கிவிட்டார். நூலின் தரம் தாழ்ந்தது, பங்கின் விலையும் இறங்கியது. வாங்கிய பொருளைக் கழிக்க மனம் வராமல், ஆட்களைத் திட்டியே நல்ல நூலை வரவழைக்க முயல்வது முதலாளிகளின் இயல்பு. இவர் குறை தம் கொள்முதலில்தான் என்று உணர்ந்து, அவற்றை அகற்றிப் புதியன வாங்கினார். 1880-களில், ஆலைத் தொழிலாளர் ரிங் ஃபிரேம் என்று சொல்லும் நூற்புப் பொறியை, லங்காஷயரே பழைய மியூல் பொறியை விடாதிருந்த காலத்தில், சோதித்துப் பார்த்துத் துணிந்து ஏற்றார்.

இனி வருகைப் பதிவேட்டுக்கு வருவோம். எம்பிரஸ் ஆலையில் நாள்தோறும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் வேலைக்கு வரவில்லை. நாகபுரித் தொழிலாளி உழவோடும் கைத்தறியோடும் வாழ்ந்து பழகியவர். சங்கொலிக்கு எழுந்து, சங்கொலிக்குத் திரும்பும் வாழ்க்கை அவருக்குப் புதிது. திருவிழாவோ திருமணமோ வந்தால் ஆலையை மறந்துவிடுவார். சம்பளம் கைக்கு வந்தால் சில நாள்களுக்கு அதுவே போதும். அபராதம் விதிப்பதும் வேலையை விட்டு நீக்குவதுமே அக்கால ஆலைகளின் வழக்கமான மருந்துகள். ஆனால் நீக்கிவிட்டால் மாற்று ஆள் எங்கே? வருகிறவரும் அதே ஊரார்தாமே?

ஜாம்ஷெட்ஜி கேள்வியையே மாற்றினார். வராதவனை என்ன செய்வது என்று கேளாமல், வருவதால் அவனுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தார். நெடுநாள் உழைத்தவருக்கு முதுமையில் ஒன்றும் இல்லை என்றால், இன்று வந்தாலென்ன, வராவிட்டாலென்ன? 1886-இல் ஓய்வூதிய நிதி ஏற்படுத்தப்பட்டது. 1895 முதல் பணியிடை விபத்துக்கு ஈட்டுத்தொகை வழங்கப்பட்டது. விபத்து ஈட்டுத்தொகைக்கு இந்நாட்டில் சட்டம் வந்தது 1923-இல். சேமநல நிதிச் சட்டம் வந்தது 1952-இல். ஒழுங்காக வந்து நன்கு வேலை செய்தவர்களுக்குப் பரிசளிப்பு விழாவும் நடத்தினார். எங்கள் பள்ளி ஆண்டு விழாவைப் போன்றதுதான், ஆனால் பரிசு பெற்றவர்கள் பேரப்பிள்ளை எடுத்த தொழிலாளிகள்.

ஆலைக்குள் இருந்த காற்றையும் அவர் கவனித்தார். நாகபுரிக் கோடை நாம் அறியாததன்று. வறண்ட வெப்பத்தில் நூல் அறுந்துகொண்டே இருக்கும். பஞ்சுத் தூசி மூச்சை அடைக்கும். அறுந்த நூலை இணைத்து இணைத்துக் கை சோர்ந்த ஆள் மறுநாள் வராமல் இருந்தால் வியப்பில்லை. காற்றோட்டத்துக்கு வழி செய்து, காற்றுக்கு ஈரமூட்டும் கருவிகளைப் பொருத்தினார். தீப்பிடித்தால் தானே நீரைப் பொழியும் குழாய்களையும் அமைத்தார். அந்த ஈரம் நூலுக்கா, ஆளுக்கா என்று கேட்டால், இரண்டுக்கும்தான். இந்த இடந்தான் எனக்கு மிகவும் பிடிக்கிறது. பணியாளர் நலன் ஒரு கணக்கிலும் ஆலையின் ஆதாயம் வேறொரு கணக்கிலுமாக அவர் எழுதி வைக்கவில்லை.

இங்கே என் குறையையும் சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியையாக இருந்தபோது, மணியடித்த பின் வரும் பெண்பிள்ளைகளை முதல் பாடவேளை முழுவதும் வெளியே நிறுத்துவேன். ஒழுங்கு நிலைநாட்டப்பட்டது என்று பெருமையும் பட்டேன். அவர்களுள் ஆறேழு பேர் ஒரே சிற்றூரினர் என்பதும், அவ்வூர்ப் பேருந்தே மணியடித்துப் பத்து நிமிடம் கழித்துத்தான் வருகிறது என்பதும் மூன்றாம் ஆண்டில்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டு ஆண்டுக் காலம் பதிவேட்டைப் பார்த்தேனே தவிர, பேருந்தைப் பார்க்கவில்லை. ஆசிரியப் பயிற்சியில் நான் முதல் வகுப்பில் தேறியவள்!

வராத அந்த இருவரிடம் காரணம் கேட்டாயா என்று பேரனைக் கேட்டேன். மின்னஞ்சல் அனுப்பியிருப்பதாகச் சொன்னான்.

நாகபுரி ஆலை நன்கு நிலைபெற்ற பின், 1886-இல் பம்பாயை அடுத்த குர்லாவில் நொடித்துக் கிடந்த தரம்சி ஆலையை ஜாம்ஷெட்ஜி பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். சுதேசி இயக்கம் பிறப்பதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே அதற்குச் சுதேசி ஆலை என்று பெயரிட்டார். மலிவாக வாங்கியது மீண்டும் அவரைச் சுட்டது. இயந்திரங்கள் பழையன, ஆட்கள் போதவில்லை, பங்கின் விலை சரிந்தது. டாட்டாவின் பெயரை நம்பிப் பணம் போட்டவர்கள் கலங்கினர். கைகழுவி விலகியிருந்தால் அவருடைய சொந்தச் செல்வத்துக்குப் பெரிய இழப்பு நேர்ந்திராது. அவரோ, நன்கு ஈட்டிக்கொண்டிருந்த எம்பிரஸ் ஆலையில் தமக்கிருந்த பங்குகளுள் ஒரு பகுதியை விற்று இந்த ஆலையில் போட்டார். நாகபுரியிலிருந்து தேர்ந்த ஆட்களை அழைத்து வந்தார். ஆண்டுகள் சில சென்றன. ஆலை நிமிர்ந்தது, அதன் நூல் கீழைநாட்டுச் சந்தைகளில் நற்பெயர் பெற்றது.

அக்காலத்தில் ஆலைகளை நடத்திய முகவர்கள், உற்பத்தியான நூலின் எடைக்கு இவ்வளவு என்று தரகு எடுத்துக்கொள்வது வழக்கம். ஆலை நட்டப்பட்டாலும் முகவருக்கு வருவாய் குறையாது. நூல் விற்காமல் கிடங்கில் குவிந்தாலும் அவருக்குக் கவலையில்லை. சுதேசி ஆலையில் ஜாம்ஷெட்ஜி அம்முறையைக் கைவிட்டு, லாபத்தில் மட்டும் பங்கு என்று வைத்துக்கொண்டார். பங்குதாரர் பட்டினி கிடக்கும்போது தாம் மட்டும் உண்ணும் வழியைத் தாமே அடைத்துக்கொண்டார்.

அவரைக் குறையற்றவராக்குவது என் நோக்கமன்று. அந்நாளில் ஆலைகளின் வேலை நேரம் கதிரவன் எழுவது முதல் விழுவது வரை. வயதுவந்த ஆண்களுக்குப் பஞ்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் என்ற வரம்பே 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. எம்பிரஸ் ஆலையும் அக்காலத்து ஆலைதான். சீனாவுக்கு நூல் ஏற்றிச் செல்லும் கப்பல் கட்டணத்தைக் குறைக்க, ஜப்பானியக் கப்பல் நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து பி அண்ட் ஓ நிறுவனத்தை எதிர்த்து, 1890-களில் தோல்வியும் கண்டார்.

இறுதி ஆண்டுகளில் அவர் மனம் இரும்பாலையில் இருந்தது. அதற்கு இடமே முடிவாகாத 1902-இல், வெளிநாட்டிலிருந்து மகன் தோராப்ஜிக்கு எழுதிய மடலில், தொழிலாளர் நகரின் தெருக்கள் அகலமாக இருக்க வேண்டும், விரைவில் வளரும் நிழல் மரங்களை நட வேண்டும், விளையாட்டுத் திடல்களுக்கும் பூங்காக்களுக்கும் தாராளமாக இடம் விட வேண்டும், இந்துக்கள், முகம்மதியர், கிறித்தவர் ஆகியோரின் வழிபாட்டிடங்களுக்கும் நிலம் ஒதுக்க வேண்டும் என்று குறித்திருந்தார். அந்நகரை அவர் காணவில்லை. 1904 மே 19-ஆம் நாள் ஜெர்மனியில் பாட் நௌஹைம் என்ற ஊரில் காலமானார். 1912-இல் ஆலையில் எஃகு வார்க்கப்பட்டது. அவ்வாண்டே அங்கு எட்டு மணி நேர வேலை முறையும் வந்தது. 1919-இல் அந்நகருக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

நாகபுரியின் எம்பிரஸ் ஆலை நூறாண்டுக்கு மேல் ஓடியது. 1986-இல் டாட்டா குழுமத்தின் கையிலிருந்து மகாராஷ்டிர அரசின் ஜவுளிக் கழகத்துக்குச் சென்றது. பின்னர் மூடப்பட்டுவிட்டது.