லுக்கேமியா சிகிச்சைக்கு வழி திறந்தவர்: யார் இந்த சுப்பா ராவ்?

ரத்தப் புற்று செல்லில் எந்த மரபணு அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று அளந்து, அதையே மருந்தின் இலக்காக்குவது இன்றைய ஆய்வு முறை. இந்த வசதியெல்லாம் இல்லாத காலத்திலேயே அப்படியொரு இலக்கைத் தாக்கும் மருந்தைத் தந்தவர் யெல்லாப்பிரகடா சுப்பா ராவ்.

அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் 1895-ல் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை ஃபெயில். மூன்றாவது தடவைதான் பாஸ். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் அறுவைசிகிச்சைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது.

பிறகு அமெரிக்கா போய் ஹார்வர்டில் சேர்ந்தார். அங்கே ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். பேர் கிடைத்தது, நிரந்தர வேலை மட்டும் கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்கு மாறினார். அவரது குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது.

இதற்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்? செல் பெருக டி.என்.ஏ. வேணும், டி.என்.ஏ. தயாரிக்க ஃபோலிக் அமிலம் வேணும். லுக்கேமியா குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்தபோது நோய் முற்றுவதாக பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பருக்குத் தோன்றியது. அப்போ, அதைத் தடுத்தால்? சுப்பா ராவின் குழு, ஃபோலிக் அமிலம் மாதிரியே இருந்து அதன் வேலையைக் கெடுக்கும் அமினோப்டெரினைத் தயாரித்துக் கொடுத்தது.

1948 ஜூனில் முடிவு வெளியானது. அக்யூட் லுக்கேமியா உள்ள 16 குழந்தைகளில் 10 பேருக்கு முன்னேற்றம். அது தற்காலிகம்தான். ஆனா, அதுவரை மருந்தே இல்லாத நோய் முதல்முறையாகப் பின்வாங்கியது. இரண்டே மாதத்தில், ஆகஸ்ட்டில், 53 வயதில் சுப்பா ராவ் காலமானார்.

அமினோப்டெரினின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட், குழந்தைகளின் லுக்கேமியா சிகிச்சையில் இன்றும் இருக்கிறது. ஃபார்பர் பெயரைத் தாங்கிய பாஸ்டன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், எம்.எல்.எல். வகை லுக்கேமியாவில் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் செயல்பாட்டை ஒரே நேரத்தில் அளந்து, எஃப்.எல்.டி.3 மரபணு அதிகமாக இயங்குவதை 2002-ல் கண்டார்கள். உடனே அதுவும் மருந்துக்கான இலக்கானது.

கருவி மாறியிருக்கிறது, கேள்வி மாறவில்லை. புற்று செல் எதை நம்பி வாழ்கிறது? அதைக் கண்டுபிடித்தால் தடுக்கலாம் என்பதற்கு ஓர் ஆதாரம் அந்தப் 10 குழந்தைகள்.