பென்னிகுயிக்கும் சுண்ணாம்புக் காரையும்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த எனக்குப் பென்னிகுயிக் என்ற பெயர் பள்ளிக்குப் போகுமுன்பே அறிமுகம். மனைவியின் நகைகளை விற்று அவர் அணை கட்டினார் என்று அப்பத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அதற்கு ஆவணச் சான்று இல்லை என்பர் ஆய்ந்தோர். ஆகவே அதை விட்டுவிட்டு, சான்றுள்ள கதையையே எழுதுகிறேன். வியப்பு அதிலும் குறைவில்லை.

ஜான் பென்னிகுயிக் 1841 ஜனவரி 15ஆம் நாள் பூனாவில் பிறந்தார். 1849 ஜனவரி 13ல் சிலியன்வாலாப் போரில் தந்தையும் ஒரு தமையனும் மாண்டனர். சிறுவனுக்கு எட்டு வயது நிறைய இரண்டே நாள்! பின்னர் இங்கிலாந்தில் அடிஸ்கோம்பு இராணுவக் கல்லூரியில் பயின்று, சென்னை மாகாணப் பொறியாளர் படையில் சேர்ந்தார்.

மேற்கே ஓடும் பெரியாற்றை மலையைக் குடைந்து வைகைக்குத் திருப்பும் எண்ணம் அவருக்கு முன்பே சிலருக்கு இருந்தது. ரைவ்ஸ் என்பவர் மண் அணை போதும் என்று திட்டமிட்டார். 1882ல் பொறுப்பேற்ற பென்னிகுயிக்கோ கல்லணையே வேண்டும் என்றார். 1886ல் திருவிதாங்கூருடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1887ல் வேலை தொடங்கிற்று.

எதைக் கொண்டு கட்டுவது? சிமெண்ட் அப்போது கப்பலில் வரவேண்டிய சரக்கு. சுண்ணாம்பும், சுட்ட செங்கல்லை இடித்த சுர்க்கியும் சேர்ந்த காரையையே அவர் தேர்ந்தார். இங்கேதான், இயற்பியல் மாணவனாகிய நான் சற்று நிற்க விரும்புகிறேன்.

நமது பாடத்தில் மீள்தன்மை ஓர் அத்தியாயம், பாகுநிலை வேறோர் அத்தியாயம். உலகத்துப் பொருள்கள் அப்படிப் பிரிந்து நிற்பதில்லை. குமுளி மலைப் பாதையின் தாரைப் பாருங்கள். விரைந்தோடும் பேருந்துக்கு அது கல். சித்திரை வெயிலில் நாள் முழுதும் நின்ற லாரிக்கு அது களி. சக்கரத் தடம் பதிந்துவிடும். சுமை எவ்வளவு என்பதோடு, எவ்வளவு நேரம், எந்த வெப்பத்தில் என்பதும் கணக்கு. சுண்ணாம்புக் காரையும் தன் வழியில் இத்தகையதே. மெதுவாக இறுகும், இளமையில் நீடித்த சுமைக்குச் சிறிது சிறிதாக இணங்கிக் கொடுக்கும். அதனால் அழுத்தம் ஓரிடத்தில் குவியாமல் பரவும். மயிரிழை வெடிப்புகளைக் கரைந்து படியும் சுண்ணாம்பே மூடிவிடுவதும் உண்டு.

ஆனால் காட்டாற்று வெள்ளம் காரை இறுகும்வரை காத்திருக்குமா? தற்காலிகத் தடுப்புகளை அது அடித்துச் சென்றது. காய்ச்சலும் காலராவும் தொழிலாளரைக் கொன்றன. அவர்கள் பெயர்கள் நமக்குத் தெரியாதது என் மனத்தை உறுத்துகிறது. எனினும் அடித்தளத்திலிருந்து 176 அடி உயரம் எழுந்தது அணை. சுமார் 5,700 அடிச் சுரங்கத்தின் வழியே நீர் கிழக்கே திரும்பியது. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் திறந்து வைத்தார்.

கசியும் நீர் சுண்ணாம்பையும் கரைத்துக் கொண்டு போகும். இது அக்காரையின் குறை. 1930களிலும் 1960களிலும் சிமெண்ட் பால் செலுத்தினர். 1979க்குப் பின் நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைத்து அணையைப் பலப்படுத்தினர். 2014ல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு இசைவளித்தது.

ஓய்வுக்குப் பின் 1899ல் வெள்ளத் தடுப்பு ஆலோசனைக்காக ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்குச் சென்றார் பென்னிகுயிக். அதே நகரில் 1927ல் பார்னெல் என்னும் பேராசிரியர், சுத்தியால் அடித்தால் சிதறும் கீலைப் புனலில் ஊற்றி ஒழுகவிட்டார். 2014 வரை ஒன்பதே சொட்டுகள்! இதைப் பார்க்க அவர் இல்லை. 1911 மார்ச் 9ல் கேம்பர்லியில் காலமாகியிருந்தார்.

நமது பள்ளத்தாக்கில் அந்த நீரால் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. எங்கள் வீட்டு முதல் கல்லூரிக் கட்டணம் அந்த நெல்லை விற்றுக் கட்டியது. ஜனவரி 15ல் பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல் வைப்பார்கள். சென்ற பொங்கலன்று அப்பத்தாவிடம் காரையின் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, நகையை எந்த ஊரில் விற்றாராம் என்று கேட்டாள்.