சின்னக் கைகளுக்கு ஒரு சின்னப் புத்தகம்



படம் போட்ட புத்தகத்தை எடுத்துப் படித்தால், இன்னும் சிறு குழந்தையா என்று கேலி செய்பவர்கள் உண்டு. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களுக்கே படங்கள் என்பது அவர்கள் எண்ணம். ஒரு நல்ல படப் புத்தகத்திற்குப் பின்னால் எத்தனை ஆண்டுகளின் கூர்ந்த பார்வையும், உழைப்பும், மன உறுதியும் இருக்கின்றன என்பதை அறிந்தால் அவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். இதற்குச் சிறந்த சான்றாக விளங்குவது இங்கிலாந்தில் வாழ்ந்த பீட்ரிக்ஸ் பாட்டர் அம்மையாரின் வாழ்க்கை. நீலச் சட்டை அணிந்த பீட்டர் என்னும் குறும்புக்கார முயலைப் பலரும் அறிவர். அதைப் படைத்த பெண்மணியின் கதையை அறிந்தவர் சிலரே.

பீட்ரிக்ஸ் பாட்டர் 1866-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28-ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். தந்தை ரூபர்ட் பாட்டர் சட்டம் பயின்றவர். குடும்பத்தின் செல்வமோ லங்காஷயர் பகுதியின் பருத்தித் தொழிலிலிருந்து வந்தது. வீட்டில் பணத்திற்குக் குறைவில்லை. ஆனால் அந்தச் சிறுமிக்குத் தோழிகள் இல்லை. அவர் பள்ளிக்கு அனுப்பப்படவே இல்லை. வீட்டிற்கு வந்து கற்பித்த ஆசிரியைகளிடமே பாடம் பயின்றார். ஆறு ஆண்டுகள் இளையவனான தம்பி பெர்ட்ராம் மட்டும் வயது வந்ததும் வெளியூர்ப் பள்ளிக்குச் சென்றான். அக்காள் மாடி அறையிலேயே இருந்தார்.

நாள்தோறும் வகுப்பில் அருகருகே அமர்ந்து படிக்கும் நமக்கு அந்தத் தனிமை எப்படிப்பட்டது என்று எண்ணிப் பார்ப்பதே கடினம். ஆனால் பீட்ரிக்ஸ் அதை எண்ணிச் சோர்ந்துவிடவில்லை. முயல், முள்ளெலி, தவளை, பல்லி, வௌவால் என்று தம்பியும் அவரும் வளர்த்த உயிர்கள் பல. அவற்றை உட்கார்ந்தபடி, படுத்தபடி, ஓடும்படி என்று ஓயாமல் வரைந்தார். இறந்துபோன விலங்குகளின் எலும்புகளைக்கூட எடுத்து வைத்து, மூட்டுகள் எப்படிப் பொருந்தியுள்ளன என்று ஆராய்ந்து வரைந்தார்கள். கோடை விடுமுறைகளில் குடும்பத்தார் ஸ்காட்லாந்துக்கும், பின்னர் வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்கும் செல்வது வழக்கம். மலையும் ஏரியும் புல்வெளியும் நிறைந்த அந்த நாட்கள் அவருடைய உள்ளத்தில் ஆழப் பதிந்தன.

பதினான்கு, பதினைந்து வயதில் அவர் ஒரு நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். பிறர் படித்துவிடக் கூடாது என்பதற்காகத் தாமே ஒரு இரகசிய எழுத்து முறையை அமைத்துக்கொண்டு, முப்பது வயது வரை அதில் எழுதி வந்தார். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின், 1958-இல்தான் லெஸ்லி லிண்டர் என்பவர் அந்த எழுத்தின் புதிரை விடுவித்தார்.

இளம் பருவத்தில் அவரை மிகவும் ஈர்த்தவை காளான்கள். நூற்றுக்கணக்கான காளான்களை நிறம் மாறாமல் வரைந்தார். நுண்ணோக்காடியின் துணையால், அவற்றின் ஸ்போர்கள் எனப்படும் நுண்துகள்கள் முளைக்கும் விதத்தை ஆராய்ந்து ஒரு கட்டுரையும் எழுதினார். 1897-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அக்கட்டுரை லண்டன் லின்னேயன் சங்கத்தில் முன்வைக்கப்பட்டது. எழுதியவர் அங்கே இல்லை. காரணம், அச்சங்கத்தின் கூட்டங்களில் பெண்களுக்கு அன்று இடமில்லை! கியூ தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த ஜார்ஜ் மாஸீ என்னும் ஆடவரே அதைச் சங்கத்தின் முன் வைத்தார். கட்டுரை அச்சேறவில்லை. அவருக்கு உரிய மதிப்பு அளிக்கப்படவில்லை என்பதைச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1997-இல் அச்சங்கமே ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த ஓவியங்கள் வீண்போகவில்லை. 1967-இல் காளான்களைப் பற்றி வெளிவந்த ஒரு அறிவியல் நூலில் அவை இடம்பெற்றன.

ஒரு கதவு அடைபட்டது. மற்றொரு கதவு அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, அவரும் அறியாமல், சற்றே திறந்திருந்தது. அவருக்குப் பாடம் கற்பித்த ஆனி என்னும் ஆசிரியை மணமாகிச் சென்று பிள்ளைகள் பெற்றிருந்தார். மூத்த மகன் நோயல் ஐந்து வயதில் நோயுற்றுப் படுக்கையில் கிடந்தான். 1893-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் பீட்ரிக்ஸ் அவனுக்கு ஒரு கடிதம் எழுதினார். என்ன எழுதுவது என்று தெரியாமல், நான்கு முயல்குட்டிகளின் கதையை எழுதினார். வரிகளுக்கு நடுநடுவே மையினால் சின்னஞ்சிறு படங்களையும் வரைந்து அனுப்பினார். நோயுற்ற ஒரு சிறுவனின் முகத்தில் சிரிப்பைக் காண வேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கம் எதுவும் அப்போது அவருக்கு இல்லை.

அந்தக் கடிதத்தை நோயல் பத்திரமாக வைத்திருந்தான். ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் சென்றபின், இவற்றைப் புத்தகமாக்கலாமே என்ற யோசனை எழுந்தது. பீட்ரிக்ஸ் கடிதத்தை இரவல் வாங்கி, கதையை விரித்து எழுதி, படங்களையும் கூட்டிப் பதிப்பகங்களுக்கு அனுப்பினார். ஆறு பதிப்பகங்களாவது அதை மறுத்துவிட்டன. பெரிய அளவில் புத்தகம் போடலாம் என்ற கருத்தும் வந்தது. அவர் இணங்கவில்லை. புத்தகம் சிறு பிள்ளையின் கைக்குள் அடங்க வேண்டும்; ஏழைப் பிள்ளையும் வாங்கும்படி விலை குறைவாக இருக்க வேண்டும். இந்த இரண்டிலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. தம் சேமிப்பை எடுத்து, 1901 டிசம்பரில் 250 பிரதிகளைத் தாமே அச்சிட்டார். உற்றாரும் நண்பர்களும் விரும்பி வாங்கினர். துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற கானன் டாயிலும் தம் பிள்ளைகளுக்காக ஒரு பிரதி வாங்கினாராம். சில வாரங்களிலேயே மேலும் 200 பிரதிகள் அச்சிட வேண்டியதாயிற்று.

முன்பு மறுத்த பதிப்பகங்களில் ஒன்றான பிரடெரிக் வார்ன் நிறுவனம் இப்போது முன்வந்தது. படங்கள் எல்லாம் வண்ணத்தில் இருக்க வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. வண்ண ஓவியத்தைப் புகைப்படக் கருவியின் உதவியால் மூன்று தகடுகளாகப் பிரித்து, மஞ்சள், சிவப்பு, நீலம் என ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் புதுமுறை அப்போது பரவி வந்தது. நீர்வண்ணத்தின் மென்மையைக் குறைந்த செலவில் தாளுக்குக் கொண்டுவர அது வழி செய்தது. 1902 அக்டோபரில் புத்தகம் வெளிவந்தது. விலை ஒரு ஷில்லிங். முதலில் அச்சிட்டவை 8,000 பிரதிகள். ஆண்டு முடிவதற்குள் அச்சான பிரதிகள் 28,000 ஆயின. அப்போது பீட்ரிக்சுக்கு வயது முப்பத்தாறு.

அந்தப் படங்களின் சிறப்பு என்ன? அவருடைய விலங்குகள் சட்டை போட்டிருக்கும், கூடை சுமக்கும். ஆனால் அவற்றின் காதும் காலும் முதுகின் வளைவும் உண்மையான விலங்குகளுடையவை. தோட்டக்காரரிடமிருந்து தப்பி ஓடும் பீட்டர், காலணிகளை இழந்ததும் நான்கு கால் பாய்ச்சலில் ஓடத் தொடங்குகிறது. உடையைக் களைந்தால் உள்ளே இருப்பது மெய்யான முயலே! சிறுவயதில் எலும்பும் மூட்டும் பார்த்து வரைந்த பயிற்சி அங்கே பயன் தருகிறது. மேலும், ஒரு பக்கத்தில் சில வரிகள், எதிர்ப்பக்கத்தில் ஒரு படம் என்று அமைத்திருப்பதால், அம்மா படிக்கும்போது குழந்தையின் கண்ணும் கதையோடு நடக்கிறது.

தொடர்ந்து அவர் பல சிறு புத்தகங்களை எழுதினார். அவற்றை உருவாக்கும் பணியில் துணைநின்றவர் பதிப்பகக் குடும்பத்தைச் சேர்ந்த நார்மன் வார்ன். 1905 ஜூலையில் அவர் பீட்ரிக்ஸை மணக்க விரும்புவதாகத் தெரிவித்தார். வணிகம் செய்பவர் தம் மகளுக்கு ஏற்றவர் அல்லர் என்று பெற்றோர் எதிர்த்தனர். அவர்களுடைய செல்வமும் வணிகத்தில் வந்ததுதான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை போலும். முப்பத்தொன்பது வயதை எட்டிய மகள் முதன்முறையாகப் பெற்றோர் சொல்லை மீறி, மோதிரத்தை ஏற்றுக்கொண்டார். ஆனால் ஒரே மாதத்தில், ஆகஸ்டு 25-ஆம் நாள், நார்மன் இரத்த நோயால் காலமானார்.

அந்தத் துயரத்திலும் அவர் தூரிகையைக் கீழே வைத்துவிடவில்லை. அதே ஆண்டில், ஏரி மாவட்டத்தின் நியர் சாரி என்னும் சிற்றூரில் ஹில் டாப் என்ற பண்ணையை வாங்கினார். புத்தகங்களால் கிடைத்த பணமும், உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற பணமும் அதற்கு உதவின. அந்த வீட்டின் படிக்கட்டும், அடுப்பும், தோட்டத்து வாயிலும் அவருடைய அடுத்தடுத்த புத்தகங்களில் படங்களாயின. 1913-இல், நிலம் வாங்குவதற்குத் துணைசெய்த வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸை மணந்தார். கண்பார்வை குறையத் தொடங்கிய பின், நுணுக்கமான ஓவியங்களைக் குறைத்துக்கொண்டு, அந்த மலைகளுக்கே உரிய ஹெர்ட்விக் இன ஆடுகளை வளர்ப்பதில் ஈடுபட்டார். கம்பளிப் பாவாடையும் மரக்காலணியுமாகச் சேற்றில் நடந்த அந்த மூதாட்டியை, புகழ்பெற்ற எழுத்தாளர் என்று யாரும் எளிதில் கண்டுகொள்ள முடியாது.

1943-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தையும் பல பண்ணைகளையும் தேசிய அறக்கட்டளைக்கு எழுதி வைத்திருந்தார். சிறு பிள்ளைகள் ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிய புத்தகங்கள் ஒரு மலைநாட்டைக் காப்பாற்றின! அந்த ஏரி மாவட்டம் 2017-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

தோழியரே, அவருடைய சின்னப் புத்தகங்கள் இருபத்து மூன்று. முதலில் பீட்டர் முயலின் கதையைப் படியுங்கள். பிறகு, 1903-இல் வெளிவந்த குளோஸ்டர் நகரத்துத் தையற்காரரின் கதையை எடுங்கள். அதில் வரும் பூவேலைப்பாட்டுச் சட்டைகளை, லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த பழைய உடைகளைப் பார்த்து அவர் வரைந்தார். ஒவ்வொரு தையலும் தெரியும். அதன்பின் துணி வெளுக்கும் முள்ளெலி அம்மாளின் கதை. ஆங்கிலம் கடினமாயிருந்தால் தயங்க வேண்டாம். முதல் முறை படங்களை மட்டும் பாருங்கள். இரண்டாம் முறை எழுத்தைப் படியுங்கள். மூன்றாம் முறை தம்பி தங்கையரை அருகில் அமர்த்திப் படித்துக் காட்டுங்கள். முதல் முறை கண்ணில் படாத ஒரு தவளையோ, ஒரு சிட்டுக்குருவியோ அப்போது தென்படும்.

பள்ளியின் வாயிலையே மிதிக்காத பெண் ஒருவர், தம் அறையில் இருந்த முயலை ஊன்றிப் பார்த்தே உலகத்துப் பிள்ளைகள் அனைவரையும் மகிழ்வித்தார். நமக்கோ பள்ளியும் உண்டு, தோழியரும் உண்டு, நூலகமும் உண்டு. அடுத்த முறை நம் வகுப்புத் தோழி ஒருத்தி காய்ச்சலில் படுத்திருந்தால், அவளுக்கு நான்கு வரியும் ஒரு சிறு படமும் வரைந்து அனுப்புவோமா?