பியானோ பயின்ற மன்னர்

எம்மூராகிய தேன்கனிக்கோட்டை தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், கன்னட நாட்டையொட்டிக் கிடப்பதோர் ஊர். பேட்டராய சுவாமி கோயில் தேரோட்டத்தன்று வீதியில் நின்று செவி கொடுப்பார்க்குத் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கே கேட்கும். 1799-ஆம் ஆண்டு வரையில் இப்பகுதி மைசூர் ஆட்சிக்குட்பட்டிருந்தது. ஆகலின், மைசூர் மன்னர் ஒருவரின் வரலாற்றை எம்மவர் வரலாறென யாம் சிறிது உரிமை பாராட்டினால் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

வேறொரு காரணமும் உண்டு. பள்ளியிற் பயின்ற நாளில் சனிக்கிழமைதோறும் யாம் பேருந்தேறி ஓசூர் சென்று, அங்கொரு தனியார் இசைக்கூடத்தில் பியானோ கற்றோம். வீட்டிலோ பியானோ இல்லை. 61 கட்டைகளேயுடைய மின்விசைக் கருவியொன்று மட்டும் இருந்தது. இரு கைகளையும் ஒருங்கே ஓட்டி ஏறுநிரல் இறங்குநிரல் வாசிக்கும் பாடத்தைப் போலச் சலிப்பூட்டுவது உலகில் வேறொன்றில்லையென்பது அக்காலத்து எம் துணிபு. அங்ஙனம் சலித்து அமர்ந்திருந்த ஒருநாள் எம் ஆசிரியர், மைசூரை ஆண்ட அரசரொருவரும் இப்பாடத்தையே விரல் நோக வாசித்தவரென்று கூறினார். யாம் அதனை நம்பவில்லை. பின்னர் நூல்களைப் புரட்டிப் பார்த்தபோதுதான் ஆசிரியர் கூறியது மெய்யினுங் குறைவென்று உணர்ந்தோம். அவ்வரசரே ஜெயசாமராஜேந்திர உடையார்.

இவர் 1919-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18-ஆம் நாள் மைசூரிற் பிறந்தார். தந்தையார் யுவராஜா கண்டீரவ நரசிம்மராஜ உடையார். பெரிய தந்தையார், அந்நாளில் அரியணையிலிருந்த நால்வடி கிருஷ்ணராஜ உடையார். நால்வடியாருக்கு மகப்பேறில்லை. எனவே, யுவராஜாவின் ஒரே ஆண்மகவாகிய இவர் என்றேனும் ஒருநாள் முடிசூடுவாரென்பது பிறந்தபோதே தெரிந்த செய்தி. எனினும் அந்நாள் நெடுந்தொலைவில் உள்ளதென்றே யாவரும் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணம் தந்த இடைவெளியிற்றான் இசை நுழைந்தது.

மைசூர் அரண்மனை இசைக்குப் பெயர்பெற்றது. வீணை வித்துவான்களும் பாடகர்களும் நிறைந்த அவ்வாசலில் மேனாட்டு வாத்தியக் குழுவும் இருந்தது. ஆட்டோ ஷ்மிட் என்னும் ஜெர்மானியர் அதனை நடத்தினார். காலையில் ஒரு கூடத்தில் வீணை, மாலையில் மற்றொரு கூடத்தில் வயலின்களும் எக்காளங்களும் எனக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இரண்டும் அயலாகத் தோன்றாமையில் வியப்பில்லை. இளவரசர் பியானோவையே தம் கருவியாகக் கொண்டார். அவர்தம் தங்கையார் விஜயாதேவியாரும் பியானோவிலேயே தேர்ந்தவர். மைசூர் நல்லாயன் கன்னிமாடத்துச் சகோதரி இக்னேஷியஸ் என்னும் துறவியிடம் பாடங்கேட்டு, பிற்காலத்தில் நியூயார்க் வரை சென்று பயின்றவர். ஒரு மடத்துத் துறவி அரச குலத்துப் பெண்ணுக்கு விரல் பிடித்துக் கற்பித்த காட்சியை நினைக்குந்தோறும் எமக்கு ஓசூர் இசைக்கூடத்தின் சிற்றறையும் நினைவுக்கு வரும். பாடம் ஒன்றே, அறைகள்தாம் வேறு.

பியானோ அறியாதார்க்கு ஈண்டு ஒரு சொல். அதன் 88 கட்டைகளில் வெள்ளை 52, கறுப்பு 36. கட்டையை அழுத்தினால் உள்ளேயுள்ள சுத்தி தந்தியைத் தட்டிவிட்டு உடனே விலகும். ஒலி எழுந்த கணமே தேயத் தொடங்கும். வீணையில் தந்தியை இழுத்துச் சுரத்தை அசைப்பது போல இதில் இயலாது. தட்டியது தட்டியதே. ஆதலின் விரலின் வன்மை மென்மையாலும், பத்து விரலும் பத்து வேறு வேலை செய்வதாலுமே இதில் இசை பிறக்க வேண்டும். இதற்குப் பல்லாண்டு நாள்தோறும் மணிக்கணக்கிற் பயில்வதல்லாது குறுக்குவழியில்லை. அரசர் மகனென்று கட்டைகள் இரங்குவதுமில்லை.

மைசூர் மகாராஜா கல்லூரியில் 1938-இற் பட்டம் பெற்ற இளைஞர், 1939-இல் ஐரோப்பா சென்று வந்தார். மேடையேறி வாசிக்கும் பியானோக் கலைஞராதலே அவர்தம் ஆசை. ஆயின், 1940-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தந்தையார் பம்பாயில் இறந்தார். ஐந்து திங்கள் கழியாமுன் ஆகஸ்டு 3-ஆம் நாள் பெரிய தந்தையாரும் மறைந்தார். செப்டம்பரில், 21 வயதில், ஜெயசாமராஜர் அரியணை ஏறினார். பியானோ மேடை அன்றோடு மூடியது.

கருவியை மட்டும் அவர் மூடவில்லை. முடிசூடிய பின்னும் விடாது பயின்று, லண்டன் கில்டுஹால் இசைப்பள்ளியின் லைசென்ஷியேட் என்னும் தகுதியைப் பெற்றார். இது தேர்வு கொடுத்துப் பெறுவது. வெண்கொற்றக் குடைக்காக வழங்குவதன்று. 1945-இல் டிரினிடி இசைக் கல்லூரியும் அவரைத் தன் மதிப்புறு உறுப்பினராக்கிற்று. ஓசூரிலும் பெங்களூரிலும் இன்று பிள்ளைகள் பயந்து நடுங்கி எழுதும் தரநிலைத் தேர்வுகள் அந்த டிரினிடியின் பெயரிலேயே நடைபெறுகின்றன.

தாம் ஏறவியலாத மேடையில் பிறரை ஏற்றியதே இவர் வரலாற்றில் எம்மைப் பெரிதுங் கவர்ந்த பகுதி. மாஸ்கோவில் 1880-இற் பிறந்த நிக்கொலாய் மெட்னர் என்னும் இசையமைப்பாளர், தாய்நாடு துறந்து, முதுமையில் லண்டனில் நோயோடும் வறுமையோடும் வாழ்ந்திருந்தார். அவர்தம் இசையைக் கேட்பாரும் அருகினர். அவரை நேரிற் கண்டிராத மைசூர் மன்னரோ, அவ்விசைமேற் பெருங்காதல் கொண்டிருந்தார். மன்னரின் பொருளுதவியால் மெட்னர் சங்கம் தோன்றிற்று. மெட்னர் தாமே பியானோவில் அமர, தம் மூன்று கன்செர்ட்டோக்களையும் சொனாட்டாக்களையும் பாடல்களையும் இசைத்தட்டுகளிற் பதிவு செய்தார். மூன்றாம் கன்செர்ட்டோவை மைசூர் மன்னருக்கே உரிமையாக்கினார். 1951 நவம்பரில் மெட்னர் மறைந்தார், தட்டுகள் நின்றன. அவர் கைவிரல் எவ்வாறு ஓடிற்றென்பதை இன்று நாம் கேட்டறிகின்றோமெனின், அதற்கு அவ்வுதவி பெருங்காரணம்.

லண்டனில் வால்டர் லெக் என்பார் 1945-இல் நிறுவிய பில்ஹார்மோனியா வாத்தியக் குழுவுக்கும் மன்னர் கைகொடுத்தார். ரிச்சர்டு ஸ்டிராஸ் தம் அந்திமக் காலத்தில் இயற்றிய நான்கு இறுதிப் பாடல்கள், 1950 மே 22-ஆம் நாள் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் முதன்முறையாக அரங்கேறின. கிர்ஸ்டன் பிளாக்ஸ்டாட் அம்மையார் பாடினார். பூர்ட்வாங்ளர் குழுவை நடத்தினார். அக்கச்சேரிக்குப் பொருட்பொறுப்பு ஏற்றவர் நம் மைசூரார். தாம் நேரிற் செல்லவியலாமையின் அதனை ஒலிப்பதிவு செய்தனுப்புமாறு அவர் ஏற்பாடு செய்திருந்தார். அப்பதிவு இன்றும் உளது. ஓசை கரகரப்பினும், கேட்பார் நெஞ்சை அது விடுவதில்லை.

இவ்விடத்து ஒரு வினா எழும். எம் வகுப்புத் தோழரொருவர் எழுப்பவுஞ் செய்தார். மைசூர் நாட்டுச் செல்வம் லண்டனில் வாழ்ந்த உருசியர்க்குச் செல்வது முறையோ என்பதே அது. எளிதில் ஒதுக்கத்தக்க வினாவன்று. 1947-ஆம் ஆண்டு செப்டம்பரிலும் அக்டோபரிலும் மைசூர் மக்கள் பொறுப்பாட்சி வேண்டி மறியல் செய்து சிறை சென்றனர். அதன் பின்னரே, அக்டோபர் 25-இல் கே. சி. ரெட்டியின் அமைச்சரவை பதவியேற்றது. அக்காலத்தை ஒட்டியதே மெட்னர் சங்கமும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் உறுத்தவே செய்கிறது. தோழருக்கு யாம் முழு விடை கூறவல்லேமல்லேம். ஒன்று மட்டும் கூறினோம்: அரசர்கள் பலர் வேட்டைக்கும் மோட்டார் வண்டிக்கும் செலவிட்ட காலத்தில், இவர் கேட்பாரற்ற முதியவர் ஒருவரின் இசைக்குச் செலவிட்டார், தட்டு எல்லார்க்கும் பொது. தோழர் அவ்விடையில் நிறைவெய்தவில்லை.

மேனாட்டிசையில் ஆழ்ந்த இவரே நம் நாட்டிசையில் கீர்த்தனங்கள் இயற்றினாரென்பது பலரும் அறியார். முதிய வித்துவான் மைசூர் வாசுதேவாசாரியாரின் துணையோடு, ஸ்ரீவித்யா என்னும் முத்திரை வைத்து 94 கீர்த்தனங்கள் செய்தார். அவை அனைத்தும் வடமொழியில் அமைந்தவை. ஒவ்வொன்றும் ஒவ்வோர் இராகம். அடாணா இராகத்தில் அவர் செய்த கணபதிக் கீர்த்தனம் இன்றும் கச்சேரிகளிற் பாடப்படுகின்றது. நிலைத்த சுரங்களையே தரும் கட்டைகளில் விரல் பழகிய ஒருவர், அசைவின்றி உயிரில்லாத இராகங்களில் இத்துணை இயற்றியது எங்ஙனம்? இளமையிலேயே இரண்டையுங் கேட்டமையால், ஒன்றன் அளவுகோலால் மற்றதனை அளக்காதிருக்க அவர் செவி கற்றுக்கொண்டதென்பதே எம் கருத்து. வாசுதேவாசாரியாரும் பின்னாளிற் சென்னைக்கு வந்து, கலாக்ஷேத்திரத்தில் இராமாயண நாட்டிய நாடகங்களுக்கு இசையமைத்தார்.

அரசியல் வாழ்வைச் சுருங்கக் கூறுவோம். 1947 ஆகஸ்டில் மைசூரை இந்திய ஒன்றியத்தோடு இணைத்தார். 1950 முதல் இராஜப்பிரமுகராகவும், 1956 முதல் மைசூர் மாநில ஆளுநராகவும் இருந்தார். 1964 முதல் 1966 வரையில் அவர் நம் சென்னை மாநிலத்தின் ஆளுநர். 1965-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் மூண்டபோது கிண்டி மாளிகையிலிருந்தவர் இவரே என்பதைத் தமிழ் மாணவராகிய யாம் குறியாது விடுதல் இயலாது. ஆண்டொன்றுக்கு 26 இலட்சம் ரூபாயாக அவர் பெற்றுவந்த மன்னர் மானியம் 1971-இல் நின்றது.

1974 செப்டம்பர் 23-ஆம் நாள் பெங்களூர் அரண்மனையில் அவர் காலமானார், அகவை 55. அவ்வாண்டிலேயே தங்கையார் விஜயாதேவியார் பெங்களூரில் பன்னாட்டு இசை கலைச் சங்கமொன்றைத் தோற்றுவித்தார். அரண்மனைக்கு வெளியேயும் பிள்ளைகள் பியானோவையும் வயலினையும் கேட்க அதனால் வழி பிறந்தது. எம் ஓசூர் ஆசிரியரும் பெங்களூரிலேயே பியானோ கற்றவர். பாடம் முடிந்தபின் சில நாள் அவர் எம்மை இருத்தி, மெட்னரின் சிறு துண்டொன்றை மெதுவாக வாசித்துக் காட்டுவார். தேன்கனிக்கோட்டைக்குச் செல்லும் மாலைப் பேருந்தை அதனால் யாம் இருமுறை தவறவிட்டதுண்டு.