காட்டில் விடப்பட்டோரைத் தேடிச் சென்றவர்



மலையகத் தோட்டமொன்றில் வாழ்ந்தவராக நீங்கள் இருந்தால், இக்காட்சியை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நள்ளிரவு வேளை. மலையெங்கும் பனிமூட்டம். மேட்டு லயத்தில் ஒரு முதியவருக்கு நெஞ்சுவலி. அல்லது ஒரு தாய்க்குப் பேறுகால வேதனை. லயத்திற்கும் பிரதான வீதிக்கும் இடையில் தேயிலைச் செடிகளின் நடுவே ஒற்றையடிப் பாதை ஒன்றே உண்டு. அதில் எந்த வாகனமும் ஏறாது. அவ்வேளையில் அயல் வீடுகளின் கதவுகள் திறக்கின்றன. இளைஞர் நால்வர் வருகின்றனர். கம்பளியைத் தடியில் கட்டித் தூளியாக்கியோ, நாற்காலியொன்றில் அமர்த்தியோ, நோயாளியைத் தோளில் சுமந்துகொண்டு வழுக்கும் படிகளில் இறங்குகின்றனர். அவர்களுக்குச் சீருடை இல்லை, ஊதியம் இல்லை, மறுநாள் காலையில் அவர்களைப் பற்றிப் பேசுவோரும் இல்லை.

நல்ல சமாரியன் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு சமாரியன் இரங்கினான் என்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். ஆனால் ஆண்டவர் அந்த உவமையில் சொல்லும் செயல்களைக் கவனியுங்கள். அவன் காயங்களுக்கு மருந்திட்டான், கட்டினான், தன் விலங்கின் மீது ஏற்றினான், சாவடிக்குக் கொண்டு சேர்த்தான், அங்கும் பராமரித்தான், செலவையும் ஏற்றுக்கொண்டான். முதலுதவி முதல் மருத்துவமனை வரை ஒரு நோயாளர் காவு வண்டியின் பணி முழுவதும் அந்தச் சில வரிகளுக்குள் அடங்கியிருக்கிறது அன்றோ? இதே பணியை இதே மலைநாட்டில் முன்னூறு ஆண்டுகளுக்கும் முன்னர் செய்த ஒருவரைப் பற்றி இவ்வாரம் சிந்திப்போம். அவரே நம் நாட்டின் திருத்தூதர் எனப் போற்றப்படும் புனித யோசேவாஸ் அடிகளார்.

1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவின் பெனோலிம் என்னும் ஊரில், கொங்கணி மொழி பேசும் பக்தியுள்ள குடும்பமொன்றில் அவர் பிறந்தார். 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அடுத்த ஆண்டே தம்மை அன்னை மரியாளின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஓர் ஓலை எழுதித் தம் கையொப்பமிட்டார். அடிமை என்ற சொல்லை அவர் வெறும் பக்திச் சொல்லாகக் கொள்ளவில்லை என்பதற்கு அவருடைய பிற்கால வாழ்க்கையே சான்று. கன்னட நாட்டுக் கரையோரத்தில் சில காலம் பணிபுரிந்தபின், 1685இல் கோவாவில் ஒறற்றோரியன் சபையில் சேர்ந்தார்.

அக்காலத்தில் இலங்கையின் கத்தோலிக்கர் மேய்ப்பரற்ற ஆடுகளாய் இருந்தனர். 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். அவர்கள் மீண்டும் வருவதையும் தடை செய்தனர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் திருப்பலியும் பாவசங்கீர்த்தனமும் இன்றி மக்கள் தவித்தனர். இச்செய்தி கோவாவிலிருந்த அடிகளாரின் உள்ளத்தை உறுத்தியது. 1687இல், கூலியாளின் கோலத்தில், யோவான் என்னும் பணியாளருடன் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து வந்தார். கடற்பயணத்தின் கொடுமையால் கடும் வயிற்றுக்கடுப்பு நோய் அவரைப் பீடித்தது. யாழ்ப்பாணத்தில் அவர் முதலில் அனுபவித்தது மறைபரப்பாளரின் வரவேற்பு அன்று. அந்நிய மண்ணில் பெயரறியா நோயாளியாகக் கிடக்கும் துயரமே. நோயாளியின் நிலை என்னவென்பதை அவர் பிறர் சொல்லி அறியவில்லை.

உடல் தேறியதும் தமிழ் கற்றார். இரவு வேளைகளில் வீடு வீடாகச் சென்று திருவருட்சாதனங்களை வழங்கினார். சில்லாலை மக்கள் அவரை மறைத்துவைத்துக் காத்தனர். ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையாகவே, புத்தளம் சென்று, அங்கிருந்து 1692இல் கண்டி இராச்சியத்தினுள் நுழைந்தார். அங்கே அவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று குற்றஞ்சாட்டப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார். அவரோ சிறையையே ஆலயமாக்கினார். சிங்கள மொழியையும் கற்றார். பின்னர் நாட்டில் பெரும் வறட்சி நேர்ந்தபோது அவர் பலிபீடம் அமைத்துச் செபித்ததாகவும், மழை பொழிந்ததாகவும் நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவந்துள்ளனர். அதன்பின் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைச் சுதந்திரமாக நடமாட அனுமதித்தான்.

ஆனால் வாசகர்களே, மழைப் புதுமையை விட மேலான புதுமையொன்று அடுத்து நிகழ்ந்தது என்பேன். 1697ஆம் ஆண்டு கண்டி மாநகரில் வைசூரி எனப்படும் பெரியம்மை நோய் பரவியது. அடிகளாருக்கு அப்போது வயது 46.

வைசூரி என்றால் என்னவென்று இன்றைய தலைமுறைக்குத் தெரியாது. காய்ச்சலும் உடல்வலியும் முதலில் வரும். பின்பு முகம் முதல் பாதம் வரை கொப்புளங்கள் எழும்பும். வாயிலும் தொண்டையிலும் புண்ணாகி நீர் விழுங்குவதும் அரிதாகும். நோயுற்ற பத்துப் பேரில் ஏறக்குறைய மூவர் இறந்தனர். பிழைத்தவர்களிலும் சிலர் பார்வையை இழந்தனர். எட்வர்ட் ஜென்னர் தடுப்பு முறையைக் கண்டறிந்தது 1796இல். அதாவது கண்டியின் அந்தத் துயர ஆண்டுக்கு 99 ஆண்டுகள் கழித்து. உலகிலிருந்து இந்நோய் முற்றாக ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980இல். ஆகவே 1697இல் நோயுற்றவனைத் தொடுவது மரணத்தைத் தொடுவதற்குச் சமம் என்றே மக்கள் அஞ்சினர்.

மன்னனும் பிரதானிகளும் தலைநகரை விட்டு அகன்றனர். வசதியுள்ளோர் வெளியேறினர். நோயுற்றோர் வீட்டிலிருந்து அகற்றப்பட்டுக் காட்டோரங்களில் விடப்பட்டனர். அவர்களைப் பெற்றோரும் உற்றோரும் இரக்கமற்றவர்கள் என்று நாம் தீர்ப்பிட வேண்டாம். எஞ்சிய பிள்ளைகளையாவது காப்பாற்ற வேண்டுமே என்ற அச்சம் அவர்களை அவ்வாறு செய்வித்தது. ஆயினும் காட்டில் கிடந்தவனுக்கு அந்தக் காரணத்தால் தாகம் தணியவில்லை. நோயினால் மட்டுமன்றி, நீர் கொடுப்பார் இன்மையாலும், குளிராலும், காட்டு விலங்குகளாலும் மக்கள் மடிந்தனர்.

இந்நிலையில் இருவர் மட்டும் எதிர்த்திசையில் நடந்தனர். ஒருவர் யோசேவாஸ் அடிகளார். மற்றவர் அவருக்குத் துணையாகக் கோவாவிலிருந்து வந்திருந்த, அவரது சகோதரியின் மகனான அருட்தந்தை யோசேப் கர்வாலியோ. அவர்கள் காடுகளில் நோயாளரைத் தேடிச் சென்றனர், கிடந்த இடத்திலேயே மழைக்கும் வெயிலுக்கும் மறைவாகக் குடில்கள் அமைத்தனர், நாள்தோறும் உணவும் நீரும் மருந்தும் கொண்டு சென்றனர், புண்களைக் கழுவினர். நகரில் கைவிடப்பட்டுக் கிடந்த வீடுகளை நோயாளர் விடுதிகளாக்கி, அங்கு அவர்களைக் கொண்டு சேர்த்தனர். இறந்தோரைத் தம் கைகளாலேயே குழிதோண்டி அடக்கம் செய்தனர். பௌத்தரா, இந்துவா, கத்தோலிக்கரா என்று அவர்கள் கேட்கவில்லை. நோயாளிகளுள் பெரும்பாலோர் அவர்களுடைய மந்தையைச் சேர்ந்தவர்களே அல்லர்.

அவர்களிடம் நோயைக் குணமாக்கும் மருந்து எதுவும் இருக்கவில்லை. அக்காலத்தில் அப்படியொரு மருந்து உலகில் எவரிடமும் இல்லை. ஆனால் நீரும் கஞ்சியும் நிழலும் தூய்மையும் கிடைத்தால், சாகவேண்டியவர்களுள் பலர் பிழைப்பர். இன்றைய மருத்துவமும் இதனை ஏற்கிறது. தங்கள் அருகில் ஒருவர் இருக்கிறார் என்ற உணர்வோ, சாகிறவனையும் மனிதனாகச் சாகச் செய்தது. நோய் தணிந்து திரும்பிவந்த மன்னன் இவற்றையெல்லாம் கேள்வியுற்று அடிகளாரைப் பெரிதும் மதித்தான். ஒற்றர் என்று சிறைவைக்கப்பட்டவர், அந்நகரத்தின் நம்பிக்கைக்குரியவரானார். எந்த வாதத்தாலும் கிடைக்காத அந்த மதிப்பு, புண் கழுவிய கைகளால் கிடைத்தது.

அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் அவர் நாடெங்கும் கால்நடையாகச் சென்று பணிபுரிந்தார். கோவாவிலிருந்து மேலும் குருக்கள் வந்தனர். அவர்களுள் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றிப் புகழ்பெற்றவர். தம்மை உயர்பதவிக்கு உயர்த்த முற்பட்டபோது யோசேவாஸ் அடிகளார் அதனை ஏற்கவில்லை. உழைப்பால் தளர்ந்த உடலோடு, 1711 ஜனவரி 16ஆம் நாள் தமது 59ஆவது வயதில் கண்டியிலேயே இறைவனடி சேர்ந்தார். எத்தனையோ பேருக்குக் குழிதோண்டிய அவருடைய கல்லறை எதுவென்று இன்று எவராலும் சுட்டிக்காட்ட இயலவில்லை. 1995 ஜனவரி 21இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராகவும் கொழும்பு காலிமுகத்திடலில் பிரகடனம் செய்தனர்.

வாசகர்களே, இந்தப் புனிதரைப் பற்றிப் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். ஆயினும் ஒன்றை உங்களிடம் அறிக்கையிட வேண்டும். கொரோனாத் தொற்றின் கடுமை மிகுந்த 2021ஆம் ஆண்டில், தோட்டமொன்றில் நோயுற்றிருந்த முதியவர் ஒருவருக்காகச் செபிக்க அழைக்கப்பட்டேன். லயத்து வாசல்வரை சென்றேன்; உள்ளே செல்லவில்லை. வாசலில் நின்றவாறே செபித்துவிட்டுத் திரும்பினேன். நான் திரும்பிய அதே பாதையில், முகக்கவசமும் கையுறையும் அணிந்த இளைஞர் நால்வர் நாற்காலியொன்றைச் சுமந்துகொண்டு மேலே ஏறிச் சென்றனர். அவர்களுள் இருவர் நம் மறையைச் சாராதவர்கள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவர்கள் விவேகமின்றிச் செல்லவில்லை. தக்க பாதுகாப்போடுதான் சென்றார்கள். ஆனால் சென்றார்கள். நானோ விவேகம் என்ற பெயரில் என் அச்சத்தை மூடிக்கொண்டேன். 46 வயதில் அடிகளார் காட்டுக்குள் சென்றார் என்பதை, அவ்வயதை நெருங்கிக்கொண்டிருந்த நான் அன்றுதான் உண்மையில் புரிந்துகொண்டேன்.

காட்டோரத்தில் கைவிடப்படுதல் நம் மலையக மக்களுக்குப் புதிய அனுபவம் அன்று. அடிகளார் இறந்து நூறாண்டுகளுக்குப் பின்னர், கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட நம் முன்னோர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியாலும் அம்மையாலும் வழியில் விழுந்தோரைச் சுமக்க ஆளின்றி, எத்தனையோ பேர் அப்பாதையோரத்திலேயே மடிந்தனர். அவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளே இன்று ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தோள்கொடுத்து ஒருவரையொருவர் சுமக்கின்றனர்.

2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தபோதும், வெளியுதவி வந்து சேருமுன் மண்வெட்டியோடு ஓடிவந்தவர்கள் அயலவர்களே. இன்று 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய நோயாளர் காவு வண்டி கட்டணமின்றி வருகிறது. 2016இல் ஆரம்பித்து, 2018 முதல் நாடெங்கும் விரிவாக்கப்பட்ட அச்சேவை பெரும் வரம். ஆனால் அது வீதிவரைதான் வரும். வீதியிலிருந்து லயம் வரையுள்ள அந்த ஏற்றத்தை மனிதத் தோள்களே கடக்க வேண்டும்.

ஆகவே உங்கள் குடும்பத்தில் இன்று இதனைப் பேசுங்கள். உங்கள் மகனோ மகளோ செஞ்சிலுவைச் சங்கத்தின் அல்லது சென் ஜோன்ஸ் அம்பியூலன்ஸ் அமைப்பின் முதலுதவிப் பயிற்சியைப் பெறலாமே. முதுகெலும்பு அடிபட்டவரைத் தகுந்த முறையின்றித் தூக்கினால், நல்லெண்ணமே ஊறு விளைவிக்கும். அன்புக்கும் பயிற்சி தேவை. ஒவ்வொரு லயத்திலும் ஒரு தூக்குப்படுக்கை, ஒரு முதலுதவிப் பெட்டி, ஒரு கைவிளக்கு இருக்கட்டும். நோயாளியைச் சுமப்போர் ஒருபுறமிருக்க, வீதிக்கு ஓடிச்சென்று வண்டிக்கு வழிகாட்ட ஒருவர் இருக்கட்டும். மழைக்காலத்தில் நிலத்தில் வெடிப்புத் தோன்றினாலோ, ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினாலோ, முதலில் முதியோரையும் குழந்தைகளையும் அகற்ற யார் வருவார் என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். இவையெல்லாம் செபத்திற்குப் புறம்பானவை என்று எண்ணாதீர்கள். இறுதி நாளில் ஆண்டவர் நம்மிடம் கேட்கப்போவது நோயுற்றிருந்த அவரைப் பார்க்க வந்தோமா என்பதைத்தானே.

செபிப்போம்: நோயுற்றோரின் நண்பராகிய இயேசுவே, வாசலில் நின்றுவிடும் எங்கள் கால்களுக்கு உள்ளே செல்லும் துணிவைத் தாரும். எங்கள் மலைகளில் இரவுவேளையில் பிறரைச் சுமந்து இறங்கும் ஒவ்வொருவரின் அடிகளும் வழுக்காதபடி காத்தருளும். புனித யோசேவாஸ் அடிகளாரின் மன்றாட்டால், எங்கள் தோள்களையும் உமது பணிக்கு ஏற்றுக்கொள்ளும். ஆமென்.