ஜைனர் இல்லங்களில் பாடங்கேட்ட தமிழாசிரியர்

1880ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 16ஆம் நாள் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தபோது உ. வே. சாமிநாதையருக்கு இருபத்தைந்து வயது நிறையச் சில நாட்களே இருந்தன. உத்தமதானபுரத்தைச் சேர்ந்த சைவ வைதிகக் குடும்பத்தில் தோன்றியவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் மாணவராய், அப்பெரும் புலவர் 1876இல் மறையும் வரையில் உடனிருந்து கற்றவர். பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் அரவணைப்பில் வாழ்ந்தார். கல்லூரியில் தமிழ் கற்பித்து வந்த தியாகராச செட்டியார், தாம் ஓய்வு பெறும் காலத்தில் தம் இடத்துக்கு இவரே தக்கவரெனத் தேர்ந்து, தேசிகரிடம் கேட்டுப் பெற்று அழைத்துச் சென்றார். பிரிய மனமில்லாத தேசிகரும் மாணவரின் உயர்வு கருதி விடை தந்தனுப்பினார்.

அந்தாதிகளும் உலாக்களும் தலபுராணங்களும் பிள்ளைத்தமிழ்களும் அவருக்கு மனப்பாடம். கம்பராமாயணமும் பெரியபுராணமும் முறையாகக் கேட்டவர். தமிழில் கற்கத்தக்கவை அனைத்தையும் பெரும்பாலும் கற்றுவிட்டோம் என்னும் எண்ணம் அந்த இளம் வயதில் எழுந்ததில் வியப்பில்லை. அவ்வெண்ணம் எட்டே மாதங்களில் கலைந்தது.

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் கற்றிருக்கிறார் என்று முதலியார் வினவ, ஐயரவர்கள் நெடுநேரம் அடுக்கிச் சொன்னார். கேட்டவர் முகத்தில் மகிழ்ச்சி தோன்றவில்லை. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட சீவகசிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் படித்ததுண்டா என்பதே முதலியாரின் அடுத்த வினா. அந்நூல்களை ஐயரவர்கள் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரும் அவற்றைப் பாடம் சொன்னதில்லை. உத்தியோகத்தில் உயர்ந்த ஒருவர் இவ்வாறு கேட்கும்போது சினமும் நாணமும் எழுவது இயல்பு. ஐயரவர்கள் அவற்றை அடக்கிக்கொண்டு, நூல் கிடைத்தால் படித்துப் பொருள் சொல்ல இயலும் என்று உறுதி கூறினார். முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை அளித்தார். அது முதல் இருவரும் சேர்ந்து அந்நூலைப் படிக்கலாயினர்.

திருத்தக்கதேவர் இயற்றிய அக்காவியம் பதின்மூன்று இலம்பகங்களையும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களையும் உடையது. நச்சினார்க்கினியர் உரை துணை நின்றது. எனினும் அவ்வுரையே மற்றொரு காடு. தொலைவிலுள்ள சொற்களைக் கொணர்ந்து மாட்டிப் பொருள் கொள்வார் அவ்வுரையாசிரியர். மேற்கோள்களை எந்நூலிலிருந்து எடுத்தார் என்று பெரும்பாலும் சொல்லமாட்டார். ஏடுகளிலோ மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதே தெளிவாக இராது. இவையனைத்தும் தமிழ்ப் புலமையால் கடக்கக்கூடிய இடர்கள். புலமையால் மட்டும் கடக்க முடியாத இடர் ஒன்று இருந்தது. அது ஜைன சமயம்.

காப்பின் முதற்செய்யுள் சித்தரைப் பரவுவது, அடுத்தது அருகனைப் பரவுவது. இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாடு ஜைன நெறி அறியாதார்க்குப் புலப்படாது. இரண்டும் பொதுவான கடவுள் வாழ்த்தாகவே தோன்றும். குணமாலையார் இலம்பகத்தில், அடியுண்டு உயிர் துறக்கும் நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்காரத்தை ஓத, அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறக்கிறது. தாய்மடியில் பஞ்ச நமஸ்காரம் கேட்டு வளரும் ஜைனக் குழந்தைக்கு அந்நிகழ்ச்சியில் விளக்க வேண்டியது ஒன்றுமில்லை. முத்தியிலம்பகத்து நால்வகைக் கதித் துன்பங்களும், வினைகளின் வகைகளும், நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளும் அத்தகையனவே. கல்லூரித் தமிழாசிரியருக்கு அவை அறியாத பொருள்களாக இருந்தன.

ஊகத்தால் பொருள் கூறிக் கடந்து செல்வது எளிது. வகுப்பில் வினா எழுப்பித் திணறச் செய்யும் மாணவரும் அந்நாளில் அதிகம் இரார். ஐயரவர்கள் அவ்வழியை நாடவில்லை. கும்பகோணத்திலேயே ஜைனர் வாழ்கின்றனர் என்று அறிந்து, அவர்களைத் தேடிச் சென்றார்.

சந்திரநாத செட்டியார் என்பவரின் இல்லத்தை அடைந்தபோது வாயிலில் கோலமும் தோரணமும் பொலிந்தன. என்ன விழாவென்று கேட்டறிந்தபோது ஐயரவர்கள் திகைத்தார். அவ்வில்லத்தார் பல மாதங்களாகச் சிந்தாமணியைப் படித்து வந்து, அதனை நிறைவு செய்த நாள் அது. தமிழுலகில் வழக்கொழிந்துபோன நூலென்று அறிஞர் எண்ணிய காவியம், தம் கல்லூரி இருந்த ஊரிலேயே ஓர் இல்லறத்தாரின் வீட்டில் பாராயண நூலாக வாழ்ந்துகொண்டிருந்தது. ஜைனர் அதனைத் தம் சமய நூலாகவே போற்றி வந்தனர். படிக்கத் தொடங்குவதும் முடிப்பதும் அவர்களுக்கு மங்கல நிகழ்ச்சிகள்.

அங்கேயே வீடூர் அப்பாசாமி நயினாரின் நட்பும் வாய்த்தது. நயினார் ஜைன நூல்களில் ஆழ்ந்த பயிற்சியுடையவர். சந்திரநாத செட்டியாரும் அவ்வாறே. ஐயரவர்கள் தம் ஐயங்களைக் குறித்துக்கொண்டு அவர்களிடம் செல்வார். கல்லூரிப் பணி ஒழிந்த வேளைகளே அவருக்குக் கிடைத்தவை. பகலெல்லாம் ஆசிரியராயிருந்தவர் அவ்வில்லங்களில் மாணவராய் அமர்ந்தார். கற்பித்தோர் கல்லூரி காணாதவர்கள். அதுபற்றி அவருக்குக் கூச்சம் தோன்றவில்லை. நெற்றியில் நீறணிந்தவர் வந்து அருகன் நெறியைக் கேட்கிறாரே என்னும் ஐயம் அவர்களுக்கும் தோன்றவில்லை. இரு பாலாரும் ஒருவரையொருவர் தம் சமயத்துக்கு இழுக்க முயலவில்லை. ஐயரவர்கள் இறுதிவரை தம் ஆசாரத்தில் வழுவாத சைவராகவே இருந்தார். ஆயினும் ஜைனக் கருத்தொன்றை விளக்கும்போது ஜைனர் கொள்ளும் பொருளையே பொருளாகக் கொண்டார். தம் சமயக் கண்ணால் அதைத் திரித்துக் காணவில்லை.

நாளடைவில் அப்பயிற்சி எவ்வளவு முதிர்ந்ததென்றால், ஜைனர் கூடியிருந்த ஓர் இல்லத்தில் அவர் சமயப் பகுதியொன்றை விளக்கியதைக் கேட்டு அவரைப் பவ்யஜீவன் என்றே பாராட்டினர். வீடுபேற்றுக்குத் தகுதி வாய்ந்த உயிர் என்பது அச்சொல்லின் பொருள். பிற சமயத்தார் ஒருவருக்கு அச்சொல்லை வழங்குவது எளிதன்று என்பதை ஜைனரே நன்கறிவர். பின்னாளில் மகாமகோபாத்தியாயர் முதலாகப் பல பட்டங்கள் அவரை அடைந்தன. அவற்றைப் போலவே இச்சொல்லையும் அவர் நெஞ்சில் வைத்திருந்தார்.

நச்சினார்க்கினியரைப் பற்றிய கர்ணபரம்பரைச் செய்தி ஒன்றை இங்கு நினைவுகூரலாம். அவர் சிந்தாமணிக்கு முதலில் ஓர் உரை இயற்றியதாகவும், அதனை ஜைனர் ஏற்கவில்லையாகவும், பின்னர் அவர் சித்தாமூரை அடைந்து ஜைன நூல்களைப் பயின்று, முன்னுரையை ஒதுக்கிவிட்டு மீண்டும் புதிதாக எழுதியதாகவும் கூறுவர். தாமெழுதிய உரையைத் தாமே தள்ளிவிட்டு மீண்டும் ஏட்டை எடுப்பதற்கு எவ்வளவு மனத்திண்மை வேண்டும் என்பது எழுதுகோல் பிடித்தவர்க்கே தெரியும். அந்த உரையைப் பதிப்பிக்க வந்தவரும் பல நூற்றாண்டுகள் கழிந்து அதே வழியில் ஜைனரை அடைந்தார் என்பது இன்னும் நினைத்து மகிழத்தக்கது.

படித்துச் சுவைத்ததோடு நில்லாமல் அச்சிட வேண்டும் என்னும் எண்ணம் எழுந்தபோது சிக்கல்கள் பெருகின. அந்நாளில் நாமகள் இலம்பகம் மட்டுமே பவர் பாதிரியாரால் 1868இல் அச்சிடப்பட்டிருந்தது. முழுநூலையும் வெளியிடுவதற்குப் பல ஏடுகளை ஒப்பிட வேண்டும். சைவ வட்டாரத்திலோ, சோழ மன்னன் சிந்தாமணியில் ஈடுபட்டது கண்டே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்னும் வரலாறு நெடுங்காலமாக வழங்கி வந்தது. ஆதீனத்தில் வளர்ந்த ஒருவர் அதே நூலை அச்சிடுவதா என்று குறைகூறியோர் இருந்தனர். அவருக்கு வாழ்வளித்ததும் புகழளித்ததும் அந்த வட்டாரமே. அதன் மனக்கசப்பைத் தேடிக்கொள்வது சிறிய செயலன்று. ஆயினும் சுப்பிரமணிய தேசிகர் ஆதீனத்து ஏடுகளைத் தடையின்றி வழங்கினார். சைவ மடத்தின் தலைவர் ஒருவர் ஜைன காவியத்தின் பதிப்புக்கு ஏடு தந்துதவினார் என்பது அம்மடத்துக்கும் பெருமை, அக்காலத்துக்கும் பெருமை.

எதிர்ப்புறத்திலும் தயக்கம் இருந்தது. அது நியாயமான தயக்கமே. தஞ்சையில் விருஷபதாச முதலியார் என்னும் ஜைனரிடம் சிந்தாமணி ஏடு ஒன்று இருந்தது. வழிபாட்டுக்குரியதாகப் போற்றிய நூலைப் பிற சமயத்தார் கையில் கொடுக்க அவர் இசையவில்லை. தம் முன்னோர் சமயப் பூசல்களில் நூல்களை இழந்த வரலாற்றைக் கேட்டு வளர்ந்த மரபினர் அவ்வாறு எண்ணியதில் பிழை காண முடியாது. ஐயரவர்கள் வெகுளவில்லை, வற்புறுத்தவுமில்லை. நண்பர் ஒருவர் வாயிலாகத் தம் நோக்கத்தை உணர்த்திக் காத்திருந்தார். முடிவில் அவ்வேடு அவருக்குக் கிடைத்தது. முதலியார் தம் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது ஒரு மனிதரின் நாணயத்தை நம்பி. அந்நம்பிக்கை வீண்போகவில்லை.

பதிப்பு வேலை அவரைக் கசக்கிப் பிழிந்தது. விடுமுறைக் காலங்களில் சென்னை சென்று அச்சுப் பார்வைப் படிகளைத் திருத்துவார். கல்லூரி திறந்ததும் கும்பகோணம் திரும்பித் தபாலில் வரும் படிகளைப் பார்ப்பார். பணமுடை ஒருபுறம். மேற்கோள்களின் ஆகரம் தேடுவது மற்றொருபுறம். அத்தேடலே அவரைத் திருவாவடுதுறையிலிருந்த எட்டுத்தொகை, பத்துப்பாட்டு ஏடுகளிடம் கொண்டுசென்றது. ஆகவே பின்னாளில் சங்க நூல்கள் உலகத்துக்கு வெளிப்பட்டதற்கும் இந்த ஜைன காவியமே வாயில் திறந்தது எனலாம். சமயப் பொருள்களில் ஐயம் நேரும்போதெல்லாம் அப்பாசாமி நயினார் போன்றோர் கூறியதே முடிந்த முடிபாயிற்று.

1887ஆம் ஆண்டு சீவகசிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் முழுமையாக வெளிவந்தது. ஜைன இல்லங்களில் ஏடாகப் போற்றப்பட்ட நூல் இனித் தமிழ் கற்ற எவர் கைக்கும் எட்டும் என்றாயிற்று. அதனைத் தொடர்ந்து பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அவர் பதிப்பாக வந்தன. மணிமேகலைக்கு முன் பௌத்தம் பயில வேண்டியிருந்தது. அப்போது தம் கல்லூரியிலேயே உடன்பணி புரிந்த அரங்காசாரியாரிடம் கேட்டுத் தெளிந்தார். வைணவர் ஒருவர் பௌத்தம் விளக்க, சைவர் ஒருவர் கேட்டுக் குறித்துக்கொண்டார். சிந்தாமணியில் பழகிய பழக்கம் அது.

முதற்பதிப்பு புகழ் பெற்றுவிட்டதென்று அவர் அமைந்துவிடவில்லை. மேலும் ஏடுகள் கிடைத்தபோதும், பிழை கண்டு அன்பர் எழுதியபோதும் திருத்திக்கொண்டே இருந்தார். 1907இல் சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பும் அதற்குப் பின் மூன்றாம் பதிப்பும் திருத்தங்களுடன் வெளிவந்தன. 1903இல் கும்பகோணத்தை விட்டுச் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறியிருந்தார்.

எண்பத்தைந்தாம் அகவையை நெருங்கும் நிலையில், 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் தம் வாழ்க்கை வரலாற்றை வாரந்தோறும் எழுதலானார். நாடே அறிந்த பெரியாராகிவிட்ட அந்நாளிலும், தமக்கு ஒன்றும் தெரியாதிருந்த அந்த அக்டோபர் நாளை மறைக்கவில்லை. சந்திரநாத செட்டியாரையும் வீடூர் அப்பாசாமி நயினாரையும் பெயர் சொல்லி, இன்னின்னவற்றை அவர்களிடம் கேட்டறிந்தேன் என்று விரிவாக எழுதினார். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் அவர் மறைந்தபோது அவ்வரலாறு முற்றுப்பெறவில்லை. கும்பகோணத்து ஜைன நண்பர்களைப் பற்றிய பகுதிகளை அதற்குள் எழுதி முடித்திருந்தார்.