மனச்சான்றின் காவலர் புனித ஜான் பிஷர்

கற்றவர் பலர், கற்றபடி நின்றவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் புனித ஜான் பிஷர்.

இங்கிலாந்தில், யார்க்ஷயர் பகுதியிலுள்ள பெவர்லி என்னும் ஊரில் 1469ஆம் ஆண்டு பிறந்தார். துணி வணிகரான தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1491இல் குருப்பட்டம் பெற்றார். மன்னர் ஏழாம் ஹென்றியின் தாயார் மார்கரெட் சீமாட்டி அவரைத் தம் ஆன்ம குருவாக ஏற்றார். அச்சீமாட்டியின் செல்வத்தைக் கல்விப் பணிக்குத் திருப்பிய பெருமை பிஷரையே சாரும். 1505இல் கிறிஸ்து கல்லூரி எழுந்தது. 1509இல் சீமாட்டி மறைந்ததும் தடைகள் பல தோன்றின. ஆயினும் பிஷர் விடாது முயன்றதால் 1511இல் புனித அருளப்பர் கல்லூரி உருவாயிற்று.

1504இல் அவர் ராச்செஸ்டர் ஆயரானார். அது நாட்டிலேயே மிக ஏழ்மையான மறைமாவட்டம். எனினும் வேறிடம் நாடாமல் முப்பது ஆண்டுகள் அங்கேயே உழைத்தார். பல்கலைக்கழக வேந்தராகவும், 1505 முதல் 1508 வரை குயின்ஸ் கல்லூரித் தலைவராகவும் விளங்கினார். ஐம்பது வயதை நெருங்கும்போது கிரேக்கமும் எபிரேயமும் கற்கத் தொடங்கினார் என்றால் அவரது கல்வி ஆர்வத்தை என்னென்பது!

பின்னர் வந்தது பெருஞ்சோதனை. மார்கரெட் சீமாட்டியின் பேரனான எட்டாம் ஹென்றி, இருபது ஆண்டுகள் தம்முடன் வாழ்ந்த அரசி கத்தரீனைத் தள்ளிவிட எண்ணினார். தம்மை உயர்த்திய குடும்பத்தின் மன்னர் என்றும் பாராமல், 1529இல் நீதிமன்றத்திலேயே அரசிக்காக வாதாடினார் பிஷர். 1534இல், மன்னரின் புதிய திருமணத்தை ஏற்கும் உறுதிமொழியை ஆயர்கள் ஏறக்குறைய அனைவரும் எடுத்தனர். பிஷர் மறுத்தார். லண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். கல்லூரிக்கென அவர் சேர்த்திருந்த அரிய நூல்களும் பறிக்கப்பட்டன. 1535 மே மாதம் பாப்பரசர் அவரைக் கர்தினாலாக உயர்த்தியதும் மன்னரின் சினம் எல்லை கடந்தது.

அவ்வாண்டு ஜூன் 22ஆம் நாள் விடியற்காலையில், அன்றே மரணம் என்று அறிவித்தார்கள். அவரோ, இன்னும் சற்று நேரம் உறங்க விடும்படி கேட்டுக்கொண்டு அமைதியாகத் துயின்றாராம்! பின்பு தூய ஆடை அணிந்து, புதிய ஏற்பாட்டைக் கையிலேந்திச் சென்று, கோடரிக்குத் தலை கொடுத்தார். 1935இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

அன்புத் தோழியரே! அவர் நினைத்திருந்தால் ஒரே ஒரு கையெழுத்தால் உயிரையும் பதவியையும் காத்திருக்கலாம். எல்லோரும் தலையசைக்கும்போது, தவறு என்று தெரிந்ததைத் தவறு என்று சொல்லும் துணிவே கல்வியின் பயன். அத்துணிவை நாமும் பெறுவோமாக!